மேலிருந்து கீழாக, ஒரே திசையில்

கையெழுத்து வாங்க வந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு நேற்றே தெரியும், மிஸ்டர் சங்கரலிங்கம். பதிவாளர் தொலைபேசியில் சொன்னார். இன்று மாலை ஐந்து மணிக்குள் இந்தக் கடிதம் என் கையெழுத்தோடு அந்த வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போய்ச் சேர வேண்டும். போனால் என் கட்டுரை ஒரு திருத்தக் குறிப்போடு நிலைக்கும். போகாவிட்டால் முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய கட்டுரையை நீக்கிவிட்டதாக அறிவிப்பார்கள். டாக்டர் சொர்ணம் ஜெபரத்தினம் என்ற பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு வார்த்தை விழும். இப்படியெல்லாம் சொன்னார். குரலில் மிகுந்த கவலை. அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் நான் துறைத்தலைவி. என் பெயருக்காக அவர் கவலைப்படுகிறார்.

உட்காருங்கள். கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வையுங்கள். காப்பி வராது, சமையற்காரி மூன்று மணிக்குப் போய்விடுகிறாள், நான் விருந்தினருக்காக அடுப்படிக்குப் போகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இல்லை.

உதவிப் பதிவாளர் என்கிறீர்கள். என்ன படித்தீர்கள்? வரலாறு. நல்லது. வரலாறு படித்த ஒருவரை அனுப்பினால் கிழவி விளக்கம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்லாமல் நான் எதையும் செய்ததில்லை. கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த உறையிலிருந்து புகைப்படத்தை எடுக்காதீர்கள். கடிதம் போதும். புகைப்படத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

செல் வளர்ப்பு என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? உயிரணு என்று தூய தமிழில் சொல்லலாம். சொன்னால் வரலாறு படித்தவர்களுக்கு வேறெதுவோ நினைவுக்கு வருகிறது. ஆகையால் செல் என்றே சொல்கிறேன். பதினோரு நாள் அடைகாத்த கோழிமுட்டையை உடைத்து, குஞ்சின் நெஞ்சுத் தசையை எடுத்து, நுண்ணியதாக நறுக்கி, நொதியில் ஊறவைத்துத் தனித்தனி செல்களாகப் பிரிக்க வேண்டும். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில், இளஞ்சிவப்பு நிறமான ஊட்டநீரில் அவற்றை விட்டு, முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் நீரை மாற்ற வேண்டும். நீர் மஞ்சளாக மாறினால் நீங்கள் சோம்பேறி என்று பொருள். கலங்கினால் நீங்கள் அசுத்தமானவர் என்று பொருள். அந்தத் தட்டு பொய் சொல்லாது.

செல்லின் உருவத்தைக் கட்டுப்படுத்தினால் அதன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாம். என் துறையின் சாரம் இந்த ஒரு வாக்கியம்தான். இடம் கொடுத்தால் செல் படரும். படர்ந்தால் இரண்டாகும், நான்காகும். இடத்தைக் குறைத்தால் உருண்டையாகச் சுருண்டு சும்மா கிடக்கும். இன்னும் குறைத்தால், உணவு எவ்வளவு கொடுத்தாலும் செத்துப்போகும். பசியால் அல்ல, இடமில்லாமையால். இதைத் தெரிந்துகொண்டு வேலை செய்பவர்தான் ஆய்வாளர். மற்றவர்கள் முட்டை உடைப்பவர்கள்.

இப்போது என் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். தசைச் செல்கள் கதிர்போல நீண்டவை. தட்டில் விட்டால் எல்லாருடைய ஆய்வகத்திலும் அவை எப்படிக் கிடக்கும் தெரியுமா? இங்கே ஒரு கூட்டம் ஒரு பக்கம், அங்கே ஒரு கூட்டம் இன்னொரு பக்கம், நடுவில் பிள்ளைகளின் தலைச்சுழி போலச் சுழி. என் ஆய்வகத்தில் மட்டும் மூன்றாம் நாள் காலை, தட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, ஒவ்வொரு செல்லும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒன்றுகூடப் பிசகாது. வெளியிலிருந்து எந்த வழிகாட்டலும் இல்லாமல் செல்லுக்குள்ளேயே திசை உணர்வு இருக்கிறது என்று நான் எழுதினேன். அந்தக் கட்டுரையைத்தான் இப்போது நீக்கப்போகிறார்கள்.

மற்றவர்களுக்கு வரவில்லை என்பது உண்மை. கல்கத்தாவிலிருந்து ஒருவர் எழுதினார், வரவில்லை என்று. கையில் ஒழுங்கு வேண்டும் என்று பதில் போட்டேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் புறப்பட்டே வந்துவிட்டார். பாளையங்கோட்டை வெயிலில் தக்காளிப்பழமாகச் சிவந்துபோய், பத்து நாள் எங்கள் அறையில், எங்கள் தட்டில், தம் கையாலேயே செல்களை விட்டார். வந்தது. வரிசையாக வந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஊருக்குப் போனார். போய் அவருடைய ஆய்வகத்தில் செய்து பார்த்தார், வரவில்லையாம். அதற்கு நான் பொறுப்பா?

தட்டுகளைப் பற்றிக் கேட்பீர்கள். கடிதம் முழுவதும் தட்டுதானே. அந்தத் தட்டுகள் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிவதற்காகச் செய்தவை. அவர்கள் எறிவார்கள். எங்களுக்கு வருடத்துக்கு ஒரு பெட்டி. அதற்கே டெல்லிக்குப் பதினான்கு கடிதம். ஆகவே கழுவிக் கழுவிப் பயன்படுத்தினோம். ஒரு தட்டு பதினைந்து தடவைகூட உழைக்கும். எப்படிக் கழுவுவது என்பதை நானே வகுத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய செல்லெல்லாம் போக வேண்டுமே. சாக்பீஸை மாவாக அரைத்து, சல்லடையில் சலித்து, ஈரமான மல் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். மேலிருந்து கீழாக, ஒரே திசையில். வட்டமாகத் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியே போகாது. விளிம்பில் சிவப்புப் புள்ளி வைத்த பக்கம் மேல், அங்கிருந்து கீழே. முப்பது இழுப்பு. என் கணவரின் மல் வேட்டிகள் எல்லாம் அதற்குத்தான் போயின. அவர் போன பிறகு அலமாரியில் சும்மா கிடந்தவைதானே.

முதல் இரண்டு வருடம் நானே துடைத்தேன். பிறகு ஆய்வக உதவியாளர் மாசிலாமணிக்குக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தால் அப்படியே செய்கிற மனிதர். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசி மாதத்தைத் தவிர.

அந்த நிலையில்தான் ஆவுடையம்மாள் வந்து சேர்ந்தாள். இன்று இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிற பெரிய மனுஷி.

சங்கரன்கோவில்காரி. தாயார் பஸ் நிலையத்துக்கு எதிரே மெஸ் நடத்தினாள். எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு. முதல் வகுப்பு வாங்கியவர்கள் எல்லாரும் ஆய்வாளர் ஆகிவிடுவார்கள் என்றால் நாட்டில் இத்தனை வங்கி எழுத்தர்கள் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் பக்கத்து மூலையில் இரண்டடி மேசை கொடுத்தேன். சன்னல் கிடையாது, சன்னல் இருந்தால் வெளியே பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். கருத்தரங்குகளில் வாய் திறக்கக் கூடாது, மூன்றாம் வருடம்வரை. இது அவளுக்கு மட்டுமான விதி இல்லை. என் மாணவர்கள் எல்லாருக்கும் அதே இடம், அதே விதி. பலர் பாதியில் போய்விட்டார்கள். தங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் இப்போது இன்சூரன்ஸ் விற்கிறான் என்று கேள்வி.

அவளுக்குக் கை நன்றாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. வாய்தான் அளவில்லாதது. செல்களோடு பேசுவாள். பெட்டியைத் திறந்து, “என்ன ராசா, சாப்ட்டியளா? தண்ணி மாத்தணுமா?” என்று கேட்பாள். நான் பின்னால் நிற்கிறேன். “யாரிடம் பேசுகிறாய்?” என்றேன். “இதுககிட்டதான் மேடம். வேற யாரு நம்மகிட்ட பேசுதா?” என்றாள். நான் அன்று அவளைக் கண்டித்திருக்க வேண்டும்.

நான்காம் வருடம், தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். மாசிலாமணி மகளுக்கு அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். பத்து நாள் விடுப்புக் கேட்டார், எட்டு கொடுத்தேன். அந்த எட்டு நாளும் தட்டுகளை ஆவுடையம்மாள்தான் கழுவினாள். நாற்பது தட்டு. முறை அவளுக்குத் தெரியும்; சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்து நிற்கிறாள்.

“மேடம், ஒரு எட்டு வந்து பாருங்களேன். செல்லு வட்டம் வட்டமால்லா படுத்திருக்கு.”

“என்ன வட்டம்?”

“கோயில்ல கூட்டம் தேரச் சுத்துமே, அந்த மாதிரி சுத்திக்கிட்டுக் கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவரை, வட்டத்துக்குள் வட்டமாகச் செல்கள். “யார் துடைத்தது?” என்று கேட்டேன்.

“நாந்தான் மேடம். மாசிலாமணி அண்ணாச்சிதான் லீவாச்சே.”

“எப்படித் துடைத்தாய்?”

உள்ளங்கையை விரித்துச் சுழற்றிக் காட்டினாள். மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டைத் துடைக்கிற கை. “அவசரத்துல பழக்கம் வந்துட்டு மேடம்.”

என்ன கேட்டீர்கள்? ஏன் முதல் கேள்வியாகத் துடைத்ததைப் பற்றிக் கேட்டேன் என்றா? ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, மிஸ்டர் சங்கரலிங்கம். ஆய்வகத்தில் எது பிசகினாலும் முதலில் கழுவியவர் யார் என்றுதான் கேட்பார்கள். அதில் வேறு பொருள் எதுவும் இல்லை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். பேனாவை மூடுங்கள்.

தட்டுகளை மறுபடி முறைப்படி கழுவச் சொன்னேன். கழுவினாள். மாசிலாமணியும் வந்துவிட்டார். வரிசை மறுபடி வந்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அறிவுள்ளவளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். ஆய்வேடு முக்கால் பங்கு முடிந்துவிட்டது, எழுதி வைத்தால் முனைவர் பட்டம். பிப்ரவரியில் எனக்கு லண்டனில் உரை. அந்த வரிசையைப் பற்றித்தான். என் பெயர் நிமிர்ந்து நின்றால் அவள் பெயரும் அதன் நிழலில் நிற்கும். இதையெல்லாம் யோசிக்கிற பெண்ணாக இருந்தால் மெஸ்காரி மகளாக இருந்தாலும் பிழைத்துக்கொள்வாள்.

யோசிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மத்தியானம் பன்னிரண்டரை மணி. என்னைக் கூப்பிடவில்லை, நுண்ணோக்கியை என் அறைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் மாசிலாமணி, தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, திருவிருந்துக்குப் போகிறவர் மாதிரி.

“இது என்ன?”

“பாருங்க மேடம். பாத்துட்டு எதுனாலும் சொல்லுங்க.”

பார்த்தேன். நடுவில் வரப்பு வெட்டியது போல ஒரு கோடு. வரப்புக்கு இந்தப் பக்கம் செல்கள் அத்தனையும் நெடுக்காக. அந்தப் பக்கம் அத்தனையும் குறுக்காக. ஒரே தட்டு. ஒரே முட்டையின் செல். ஒரே நீர்.

நான் பத்து நிமிடம் பார்த்தேன் என்று பிற்பாடு மாசிலாமணி ஊரெல்லாம் சொன்னாராம். பத்து நிமிடம் இருக்காது.

“பாதிய நெடுக்கத் தொடச்சேன் மேடம், பாதியக் குறுக்கத் தொடச்சேன். வேற ஒண்ணுமே செய்யல. சாக்பீஸ் தூளு பிளாஸ்டிக்ல கீறல் போடுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியுது. பள்ளத்தோட போயிப் படுத்துக்கிடுது.”

“நீ என்ன சொல்ல வருகிறாய்?”

“நான் ஒண்ணும் சொல்லல மேடம். துணி சொல்லுது.”

இந்த வாய்த்துடுக்கைக் கேட்டீர்களா? முப்பது வருடமாகியும் அந்த வாக்கியம் என் காதை விட்டுப் போகவில்லை. நான் அமைதியாகவே கேட்டேன்: “அப்படியானால் என் கட்டுரை?”

“செல்லுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நாம கோடு போட்டுக் குடுத்தோம், அது படுத்திச்சு. ஆனா மேடம், இது அதவிடப் பெருசுல்லா? நமக்கு வேணும்னா வேணுங்கிற பக்கம் வளக்கலாம்லா? நீங்க லண்டன்ல இதச் சொன்னா...”

என் லண்டன் உரையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாள். அதற்குள் மாசிலாமணி வேறு வாயைத் திறக்கிறார். “அப்ப அம்மா, இத்தன வருசமா நாந்தான் வரஞ்சேனா?” என்று பல்லெல்லாம் தெரியக் கேட்கிறார். பேரன் பிறந்தது போல அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தட்டை எடுத்தேன். கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். மேலே பிளீச்சிங் கரைசலை ஊற்றினேன். “பூஞ்சை பிடித்த தட்டு,” என்றேன்.

“பூஞ்சையா? எங்க மேடம்?”

“நாளைக்குப் பிடிக்கும்.”

சிரிக்கிறீர்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு ஆய்வகத்தின் தலைமை இருக்கிற இடத்தில் இரண்டாவது தலைமை முளைத்தால் அதுவும் பூஞ்சைதான்.

அவள் அழவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அதுக என்ன பண்ணிச்சு, மேடம்,” என்று மட்டும் கேட்டாள். செல்களுக்காகக் கேட்கிறாள். அந்தத் தட்டை முன்பே புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்று அவளுடைய ஆட்கள் ஏதேதோ சொல்வார்கள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய ஆய்வேட்டை நான் தடுக்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வளர்ப்புப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன், அது பாதுகாப்புக்காக. மேசையை வராந்தாவுக்கு மாற்றினேன். ஆட்டோகிளேவ் பக்கம் அனல் அதிகம் என்று அவளே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். மாசிலாமணியை நூலகத்துக்கு மாற்றினேன்; புத்தகத் தூசி தட்டுகிற வேலை, எந்தத் திசையில் வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளலாம். அவர் மூன்று மாதம் என்னைப் பார்த்தால் எழுந்து நின்றார். பிறகு எழுவதை நிறுத்திவிட்டார்.

துணியையும் நிறுத்தினேன். ஆமாம், மறுநாளே நிறுத்தினேன். அதற்கும் நீங்கள் பொருள் தேட வேண்டாம். வேட்டித் துணி நைந்துவிட்டது. புதுத் தட்டு ஒரு பெட்டி இரண்டு வருடமாக அலமாரியில் பூட்டிக் கிடந்தது, அதை உடைத்தோம்.

புதுத் தட்டில் வரிசை வந்ததா என்று கேட்கிறீர்கள்.

வரவில்லை. அப்போதைக்குச் செல்கள் களைத்துப்போயிருந்தன. வருடக்கணக்காக ஒரே வேலையைச் செய்தால் எதுவும் களைக்கத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் புது முட்டையிலிருந்து புதுச் செல்தானே எடுப்பீர்கள் என்றா கேட்கிறீர்கள்? அது வரலாறு படித்தவருக்குத் தேவையில்லாத கேள்வி.

லண்டனில் உரை நன்றாக நடந்தது. பழைய படங்களைத்தான் காட்டினேன். பழைய படங்கள் தெளிவாக இருந்தன. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பொருளில் நான் எழுதவில்லை. துறைத்தலைவிக்கு நேரம் ஏது? நிர்வாகம், தேர்வுக் குழு, பேராயரின் கல்விக் குழு. எழுத ஒன்றும் இல்லாமல் நிறுத்தவில்லை, மிஸ்டர் சங்கரலிங்கம். நேரமில்லாமல் நிறுத்தினேன்.

ஏப்ரலில் அவள் போனாள். நான்கு வருட வேலை, பட்டம் இல்லாமல். பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். போகிற அன்று வாசலில் நின்று, “போயிட்டு வாரேன் மேடம்,” என்றாள். “வர வேண்டாம்,” என்றேன். அவளுடைய தாயார் ஒரு தூக்குச் சட்டியில் அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தாள். உதவியாளர்கள் தின்றார்கள்.

இப்போது பாருங்கள். எங்கெங்கோ படித்து, எவரெவரிடமோ பட்டம் வாங்கி, தலைநரைத்த பேராசிரியை ஆகிவிட்டாள். இதயத் தசையைத் தகடு தகடாக வளர்க்கிறாளாம். எல்லாச் செல்லும் ஒரே திசையில் படுத்தால்தான் தகடு ஒன்றாகச் சுருங்கி விரியுமாம். கோணல்மாணலாகப் படுத்தால் துடிக்குமே தவிர வேலை செய்யாதாம். அதற்காகப் பிளாஸ்டிக்கை ஒரே திசையில் வெல்வெட் துணியால் தேய்க்கிறாளாம். மேலிருந்து கீழாக. யாருடைய துடைப்பு அது? யார் வகுத்த முறை? என் சுவரில் ஒட்டியிருந்த தாளைத் திருடிக்கொண்டு போயிருக்கிறாள்.

துடைப்புக்கும் வரிசைக்கும் சம்பந்தமில்லை என்றால் அவள் எதைத் திருடினாள் என்று கேட்கிறீர்கள். உங்களைச் சாதுவான மனிதர் என்று பதிவாளர் சொன்னார். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை போலிருக்கிறது.

மணி மூன்றே முக்கால். சரி, கடிதத்தை இப்படிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறாள், என்னிடம் கற்றது. இரண்டாம் பத்தியை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்: ‘கட்டுரையில் கண்ட வரிசை, மறுபடி மறுபடி பயன்படுத்திய தட்டுகளை ஒரே திசையில் துடைத்ததால் விளைந்தது. இன்று உலகமெங்கும் பயன்படும் இந்த முறையை முதன்முதலில், அறியாமலே, செய்த கை பேராசிரியர் சொர்ணம் ஜெபரத்தினத்தினுடையது. அந்தப் பெருமை அவருக்குரியது.’

அவள் பெருந்தன்மை காட்டியிருக்கிறாள் என்று பதிவாளர் தொலைபேசியில் உருகினார். அவளை நான் நடத்திய விதத்துக்கு அவள் இப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லையாம். பெருந்தன்மை. பார்த்தீர்களா, ‘கை’ என்று எழுதியிருக்கிறாள். என் கை. நாற்பது வருடம் இந்தத் தலை செய்த வேலையில் அவளுக்குத் தெரிந்தது கை. ‘அறியாமலே’. மெஸ்ஸில் இலை எடுக்கிற பெண்ணுக்குச் சொல்லலாம் அறியாமல் செய்தாள் என்று. மாசிலாமணிக்குச் சொல்லலாம். என் ஆய்வகத்தில் நான் அறியாமல் ஒரு சோதனைக்குழாய் இடம் மாறியதில்லை. என் மாணவர்கள் மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். நான் அறியாமல், இரண்டு வருடம், என் கண்முன்னால், என் கையே ஒன்றைச் செய்துகொண்டிருந்ததாம்.

பேனாவைக் கொடுங்கள்.

பதறாதீர்கள். கையெழுத்துப் போடத்தான் கேட்கிறேன். ஆனால் முதலில் ‘அறியாமலே’ என்ற இந்தச் சொல் போக வேண்டும்.

தெரியும், மிஸ்டர் சங்கரலிங்கம். நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தச் சொல்லை அடித்தால் நான் அறிந்தே செய்தேன் என்று ஆகும். அறிந்தே செய்துவிட்டு, செல் தானாகப் படுத்தது என்று எழுதினேன் என்று ஆகும். அதற்குப் பெயர் மோசடி. கட்டுரை மட்டும் போகாது, பட்டம், பதக்கம், துறையின் சுவரில் தொங்குகிற படம் எல்லாம் போகும். அந்த ஒரு சொல்தான் உங்களைக் காப்பாற்றுகிறது அம்மா என்கிறீர்கள். ‘அம்மா’ என்று உங்களை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை.

மோசடிக்கு அறிவு வேண்டும். அறியாமல் செய்வதற்கு ஒன்றும் வேண்டாம், கை இருந்தால் போதும். இரண்டில் எது எனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறீர்கள்?

ஆவுடையம்மாளிடம் வேண்டுமானால் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள், வெளியே போய். அவள் அழுவாள். தட்டுக்கு அழாதவள் இதற்கு அழுவாள். அவளுக்கு எப்போதும் அழ வேண்டிய இடம் தெரியாது.

இதோ. அடித்துவிட்டேன். பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள், இன்றைய தேதி. கீழே முழுக் கையெழுத்து. கிறுக்கி மறைக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே கோடுதான். ஆய்வகக் குறிப்பேட்டில் திருத்தம் அப்படித்தான் போட வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். அவள் என்ன எழுதினாள், நான் எதை அடித்தேன் என்று படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.